ஆறட்டும் என்று சொன்னவர்

காரைக்குடி மின்சாரக் கம்பெனியில் நான் வயர்மேனாக வேலை பார்த்த நாட்களில், செக்காலைப் பக்கம் பெரிய வீடு ஒன்றில் இருந்த ஒரு செட்டியாருக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஆறப்போடுற செட்டியார்’. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை. எழுதினால் இன்றைக்கும் அவர் உறவுக்காரர்கள் யாராவது, ‘எங்கள் வீட்டுச் சங்கதியை இவன் ஏன் எழுதினான்’ என்று கேட்கலாம்.

பட்டப்பெயர் வந்த காரணம் சின்னது. எதைச் செய்யச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி, “ஆறட்டும்” என்பார். நெல் குத்தும் பெண்கள் நெற்றி வேர்வையைத் துடைத்தால் போதும், உலக்கையைச் சுவரில் சாத்தச் சொல்லி மோர் கொடுக்கச் சொல்வார். மனைவி பிறந்த ஊரான அமராவதிபுதூருக்கு மாட்டு வண்டியில் போனால் வழியில் ஊருணிக்கரையில் வண்டியை அவிழ்க்கச் சொல்வார். மாடுகளுக்கு ஓய்வு. மொத்தத் தூரமே ஐந்து மைல் இருந்தால் அதிகம். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். கூலிக்காரர்களுக்கு இவரிடம் வேலைக்கு வருவதென்றால் கொண்டாட்டம். மற்ற செட்டியார்களுக்கு இவர் ஒரு வேடிக்கை.

நான் அந்த வீட்டுக்குள் முதலில் போனது ரேடியோவுக்காக. நான் விவசாய வீட்டுப் பிள்ளை. அண்ணன்மார் இருவரும் வயலோடு இருந்துவிட்டார்கள். நான் மட்டும் எட்டாவது முடித்து, மதுரையில் ஒரு கடையில் இரண்டு வருஷம் வால்வு ரேடியோ செட் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, பிறகு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. காரைக்குடியில் ரேடியோ வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். செட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதனால் கம்பெனி வேலை முடிந்ததும் வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள்.

செட் ரங்கூனிலிருந்து வந்திருந்தது. மரப்பெட்டியில், வைக்கோல் திணித்து, கப்பல் முத்திரையோடு. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பிரிக்காமலே கிடந்த பெட்டி அது. மூடியைப் பெயர்த்தபோது வைக்கோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. யார் அனுப்பியது என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். வாசல்படியில் நின்றிருந்த செட்டியாரின் மனைவிதான், ஊரார் ஆச்சி என்று கூப்பிடுபவர், மெதுவாகச் சொன்னார். அவர்களுடைய ஒரே மகன் ரங்கூனில் அவர்களுடைய லேவாதேவிக் கடையில் இருந்தான். இருபத்திரண்டு வயது. காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய தகரப் பெட்டியும் படுக்கையும் வந்த கப்பலில் இதுவும் வந்தது. தலைத்திவசம் முடியட்டும் என்று இதுவரை தொடவில்லை.

நான் வைக்கோலைக் கூட்டி ஓரத்தில் தள்ளினேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

மாடியில் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கட்டினேன். தோட்டத்தில் ஈரமான இடம் பார்த்து எர்த் இறக்கினேன். தோட்டத்திலிருந்து உள்ளே வந்தபோது செட்டியார் என்னை வேலை செய்ய விடவில்லை. “செத்த உக்காருங்க தம்பி. மூச்சு ஆறட்டும்” என்றார். பிறகு செட்டை வைக்க இடம் காட்டினார். முகப்பு அறையில் சுவருக்குள் பதித்த அலமாரி, தேக்குக் கதவு, கண்ணாடி. செட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், தூசி படாது என்றார்.

அது கூடாது என்று நான்தான் சொன்னேன். வால்வு செட் அடுப்பு மாதிரி, ஐயா. உள்ளே ஐந்து வால்வும் ஒரு டிரான்ஸ்பார்மரும் எரிந்துகொண்டே இருக்கும். சூடு வெளியே போக வழி வேண்டும். பின்பக்கம் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கணும். மேலே ஒரு சாண் காலியாக இருக்கணும். துணி போர்த்தக் கூடாது, மேலே பூச்சட்டி, போட்டோ எதுவும் வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் பின் அட்டையைக் கழற்றிவிட்டால் நல்லது. சூடு தங்கினால் டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மெழுகு உருகும். மெழுகு உருகினால் கம்பி எரியும். அதோடு செட் போச்சு.

எல்லா வீட்டிலும் இதையே சொல்வேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுவாரம் பார்த்தால் செட்டின் மேல் பட்டுத் துணியும் பித்தளைக் குத்துவிளக்கும் இருக்கும். இவர் ஒருவர்தான் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டவர். சொன்னதற்கு மேலேயும் போனார். எதனால் எரியும், எவ்வளவு நேரத்தில் எரியும், எரிவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று துருவித் துருவிக் கேட்டார். முன்கூட்டித் தெரியும், தொட்டுப் பார்த்தால் சுடும், மெழுகு வாடை வரும் என்றேன். “அப்ப அது சொல்லிருது” என்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி வெயிலில், வீட்டின் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய வீட்டில் மிகக் குளிர்ச்சியான இடம் இரண்டாங்கட்டில் வடக்குப் பார்த்த அறை. கருங்கல் தளம். ஆச்சி மத்தியானம் பாய் விரித்துப் படுக்கும் இடம் அதுதான். பாயைச் சுருட்டி வேறு அறையில் போடச் சொல்லிவிட்டு அங்கே மேஜை போட்டார். வீட்டில் இருந்த ஒரே மேஜை விசிறியும் அங்கே வந்தது. அது செட்டின் முதுகுப் பக்கம் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருக்க, ஆச்சியும் வேலையாட்களும் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்திருந்ததைப் பார்த்து நான் பதறிப்போய்க் கழற்றச் சொன்னேன். ஈரமும் மின்சாரமும் சேரக் கூடாது என்றேன். மறுபேச்சு இல்லாமல் கழற்றினார். அடுத்த முறை போனபோது ஜன்னலுக்கு வெளியே, நான்கு முழம் தள்ளி, வரிசையாக மண்பானைகளில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அவற்றின் மேல் பட்டு வரும் காற்று குளிர்ந்து வருமாம். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு ரேடியோவை முழுசாகக் கேட்டாரா என்றால், இல்லை. கால் மணி நேரம் ஓடும். எழுந்து வந்து மேல் பலகையில் கையை வைப்பார். “ஆறட்டும்” என்று திருகிவிடுவார். அரை மணி கழித்துத்தான் மறுபடி. செய்தியோ பாட்டோ எந்த இடத்தில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. நல்ல செட் ஐயா, இரண்டு மூன்று மணி நேரம் தாராளமாகத் தாங்கும் என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

“தாங்கும் தாங்கும்னுதான தம்பி எல்லாத்தையும் ஓட்டுறோம்” என்றார் ஒருநாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு தடவை வலையபட்டியிலிருந்து பங்காளிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சென்னை நிலையத்தில் அன்று பெரிய வித்துவான் ஒருவரின் நாதஸ்வரம். கரண்ட் ஏறி இறங்கினால் பார்த்துக்கொள்ள என்னையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆச்சி இட்டலி, பணியாரம், கவுனியரிசி எல்லாம் செய்து வைத்திருந்தார். மகன் போனபிறகு அந்த வீட்டில் ஆட்கள் கூடி உட்கார்ந்தது அன்றுதான். வித்துவான் தோடி எடுத்தார். அறை முழுக்க அப்படியே அடங்கிப்போயிற்று. வந்தவர்களில் மூத்தவர் ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ராகம் மேலே ஏறிப்போய் நிற்கும் நேரம் பார்த்து செட்டியார் எழுந்துபோனார். கையை வைத்துப் பார்த்தார். திருகிவிட்டார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. கரண்ட் போய்விட்டதென்று என்னைப் பார்த்தார்கள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தவர் கண்ணைத் திறந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். சூடு ஏறிவிட்டது, ஆறட்டும் என்றார் இவர். மூத்தவர் தன்மையாகத்தான் சொன்னார்: இன்னும் கால் மணிதான், பல்லவியைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம். இவர் அசையவில்லை. பிறகு கொஞ்சம் பேச்சு தடித்தது. வந்தவர்களை அவமதிப்பதற்கென்றே கூப்பிட்டதாக ஒருவர் சொன்னார். உயிரில்லாத பெட்டிக்கு இருக்கும் மரியாதை பங்காளிக்கு இல்லை என்றார் இன்னொருவர். இவர் செட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் இலையில் உட்காராமலே போய்விட்டார்கள்.

ஆச்சி போட்ட இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். என்னைச் சாப்பிடச் சொன்னார். ஏழெட்டு இலைக்கான சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டது இன்னும் மறக்கவில்லை. பரிமாறிக்கொண்டே ஆச்சி தாழ்ந்த குரலில் சொன்னார். முன்னெல்லாம் அவர் இப்படி இல்லையாம். உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் கொடுக்காத மனிதராம். கடையாட்கள் அவர் வருகிறார் என்றால் எழுந்து நிற்பார்களாம். மகனைப் பதினேழு வயதில் ரங்கூனுக்கு அனுப்பியபோது, மூன்று வருஷம் ஆகாமல் ஊர்ப்பேச்சு எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கப்பல் ஏற்றினாராம். “இப்ப மாட்டுக்கும் மனுசருக்கும் ஓய்வு ஓய்வுங்கிறாக. என்ன நெனச்சு இப்படி ஆனாகன்னு எனக்கும் தெரியல” என்றார்.

ஆச்சிக்கு அந்த ரேடியோவின் மேல் வேறு ஓர் ஆசை இருந்தது. ரங்கூன் கடையிலிருந்து திரும்பிய கணக்குப்பிள்ளை ஒருவர், மகன் கடைசி மாதங்களில் சாயங்காலமானால் படுத்தபடியே இந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகன் கேட்டதுபோலத் தானும் ஒருநாள், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, யாரும் நிறுத்தாமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதை அவர் கணவரிடம் கேட்கவில்லை. என்னிடம் ஒருமுறை கேட்டார், முழுக்கக் கேட்டால் நிஜமாகவே கெட்டுப்போகுமா என்று. கெடாது ஆச்சி என்று சொன்னவன் நான்தான்.

சித்திரை மாதம். செட்டியார் ஒரு கலியாணத்துக்காகத் தேவகோட்டைக்குப் போயிருந்தார். இரவு தங்கி மறுநாள் காலையில்தான் திரும்புவார். சாயங்காலம் நிலையம் தொடங்கியதும் ஆச்சி ரேடியோவைப் போட்டிருக்கிறார். புருஷன் ஊரில் இல்லாத நேரம் செத்துப்போன மகனின் பெட்டியில் பாட்டுக் கேட்கிறாள் என்று தெருவில் யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறார். கதவையும் சாத்தியிருக்கிறார். விசிறியின் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதையும் நிறுத்திவிட்டார். காற்றில்லாத அறைக்குள் கல் தளத்தில் உட்கார்ந்து பாட்டு, பேச்சு, செய்தி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மெழுகு வாடை வந்தது. பூஜை அறையில் திரி கருகுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். கடைசிப் பாட்டு முடியும்போது பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது.

மறுநாள் காலை வீட்டு வேலையாள் ஒருவர் வந்து என்னைக் கூட்டிப்போனார். நான் செட்டின் பின் அட்டையைக் கழற்றினேன். டிரான்ஸ்பார்மர் கருகி, மெழுகு வழிந்து தகரத்தில் உறைந்திருந்தது. அப்போதுதான் செட்டியார் தேவகோட்டையிலிருந்து வந்து இறங்கினார். அங்கவஸ்திரத்தைக்கூட எடுக்காமல் நேரே அந்த அறைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். ஆச்சியும் அதற்குத் தயாராகவே நின்றிருந்தார்.

அவர் செட்டின் மேல் கையை வைத்தார். சூடு எப்போதோ போயிருந்தது.

“எவ்வளவு நேரம் ஓடுச்சு?”

“ஆரம்பிச்சதுலேர்ந்து முடியிற மட்டும்.”

“நல்லாக் கேட்டுச்சா?”

அந்தக் கேள்வியை ஆச்சி எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பரிவுதான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

“ஒரு பெட்டி சுடுதான்னு நாளுக்கு நாப்பது தடவ தொட்டுப் பாக்குறீக. எம் புள்ள அங்குட்டுக் கெடந்து சுட்டுக்கிட்டு இருந்திருக்கான். தொட்டுப் பாக்க ஆரு இருந்தா? மேலுக்கு முடியலன்னு ஒரு வரி முன்னக்கூட்டி வந்திருந்தா நான் கப்பலேறிப் போயிருப்பேன். ஒரு சேதியும் வரலையே.”

“வந்துச்சு” என்றார் அவர்.

நான் திருப்புளியைக் கையில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். வாசல் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரங்கூன் கடிதம் வந்தால் செட்டியார்தான் அவரை எதிரே உட்காரவைத்து உரக்கப் படித்துக்காட்டுவார். அப்படி வந்த இரண்டு கடிதங்களில் மகன் தன் உடம்பு முடியாததைப் பற்றி எழுதியிருந்தான். முதல் கடிதத்தில் ஊருக்கு வர அனுமதியும் கேட்டிருந்தான். படிக்கும்போது அந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதைப் படித்ததாகச் சொன்னார். அறுவடை வரப்போகிறது, கடன் வசூல் நேரம், கடையை விட்டுவிட்டு வரக் கூடாது, தை மாதம் வரை பொறுத்துக்கொள் என்று அவர் பதில் எழுதினாராம். இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில். மூன்றாவதாக வந்தது கடையிலிருந்து தந்தி.

“அவன் வாரேன்னுதான் எழுதுனான். நான்தான் தாங்கும்னு நெனச்சேன்” என்றார்.

ஆச்சி அழவில்லை. அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். செட்டியார் என்னைப் பார்த்து, செட்டை எடுத்துப்போய்ச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் ஐயா என்றேன். சணலில் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கெடாது என்று ஆச்சியிடம் நான் சொன்ன வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே ஆச்சி அமராவதிபுதூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் வீட்டில் இருந்தார். ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். ரேடியோவை எரித்ததற்காகச் செட்டியார் அடித்து விரட்டிவிட்டார் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு உண்மை தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அது என்னுடைய உண்மை இல்லையே.

டிரான்ஸ்பார்மரை மதுரைக்கு அனுப்பிப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்க ஒன்றரை மாதம் ஆயிற்று. செட்டோடு போனேன். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். சமையல்காரர் வைத்துவிட்டுப் போன சாதம் மூடியபடியே இருந்தது. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். செட்டை மேஜையில் வைத்துச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளினேன். போட்டுக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பெட்டகத்தைத் திறந்து, துணியில் சுற்றிய இரண்டு கடிதங்களை எடுத்துவந்தார்.

“அமராவதிபுதூர் வரைக்கும் போயிட்டு வருவீகளா தம்பி? நான் போனா அவ முகத்துல முழிக்க மாட்டா. இத அவகிட்ட வாசிச்சுக் காட்டணும். அவ அண்ணன் வாசிச்சா, தங்கச்சி மனசு நோகும்னு அவரும் எதையாச்சும் விட்டுருவாரு. நீங்க வாசிங்க. ஒரு வரி விடாம வாசிங்க.”

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கடிதங்களை நீட்டிய விதம் என்னை வாங்க வைத்துவிட்டது. சைக்கிளில் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது.

ஆச்சி பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முறத்தை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவருடைய அண்ணன் தூணருகே நின்றார். நான் முதல் கடிதத்தைப் பிரித்தேன். கையெழுத்து ஒழுங்காக, சிறியதாக இருந்தது. அப்பச்சி அவர்களுக்கு நமஸ்காரம் என்று, தகப்பனாரை விளித்துத் தொடங்கியது. கடை விவரம், நெல் நிலவரம், மழை. பிறகு அந்த வரிகள் வந்தன.

“மாலையானால் உடம்பு சுடுகிறது. காலையில் விட்டுவிடுகிறது. இங்கே வைத்தியர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. ஒரு மாதம் ஊருக்கு வந்து ஆத்தா கையால் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. உத்தரவு வேண்டும். ஆத்தாளுக்கு இதைச் சொல்ல வேண்டாம். பயந்துபோகும். கடிதம் வாசிக்கும்போது இந்த இடத்தை விட்டுவிடவும்.”

நான் நிறுத்திவிட்டேன். ஆச்சி என்னையே பார்த்தார்.

“அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசிங்க” என்றார்.

வாசித்தேன்.

“அவனே எழுதியிருக்கானா?”

“ஆமா ஆச்சி.”

இரண்டாவது கடிதம் சிறியது. அப்பச்சி சொன்னபடி தை வரை இருப்பதாகவும், ரேடியோ ஒன்று வாங்கிவிட்டதாகவும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும், படுத்தபடி கேட்டால் பொழுது போகிறது என்றும் எழுதியிருந்தான். உடம்பு முன்னைவிடத் தேவலை என்று ஒரு வரி. எழுத்து முதல் கடிதத்தில் இருந்ததுபோல் இல்லை. கோடு கோணலாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. அதை நான் சொல்லவில்லை. எந்த மாதம் எழுதியது என்று ஆச்சி கேட்டார். ஐப்பசி என்றேன்.

“ஐப்பசியில நான் அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அப்போதுதான் அழுதார். அண்ணன் வெளியே போய்விட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முறத்தில் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, ஆச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சொல்ல வேணாம்னு அவன்தான் எழுதுனான்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல. எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கிட்டு நின்னாகளே.” கொஞ்சம் பொறுத்து, “வர வேணாம்னு எழுதுனது அவுகதான். அத என்னால மறக்க முடியாது” என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். பிறகு எழுந்து, அவர் சாப்பிடுகிறாரா என்று என்னிடம் கேட்டார். மூடியபடி இருந்த சாதத்தைப் பற்றிச் சொன்னேன். வண்டியைப் பூட்டச் சொன்னார்.

நான் சைக்கிளில் பின்னாலேயே வந்தேன். கடிதங்களை வாசித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டுமே. இருட்டிய பிறகு செக்காலை வந்து சேர்ந்தோம். செட்டியார் வளவில், நடு முற்றத்தை ஒட்டிய வெறுந்தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. ஆச்சி அவரைக் கடந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது, அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முழுக்க வாசித்தேன் ஐயா என்றேன். தலையை ஆட்டினார்.

ஆச்சி ஈரக்கையோடு வெளியே வந்தார். இலை போட்டாயிற்று, எழுந்து வாங்க என்றார். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுவரைப் பிடித்தார், கால் வழுக்கியது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஆச்சி குனிந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார். வெளியாள் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெரிய வீட்டு ஆச்சி தன் கணவரைத் தொட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் நின்ற பிறகும் ஆச்சி கையை விடவில்லை. இருவரும் அப்படியே உள்ளே போனார்கள்.